சில்லறைக்கும் கணக்கு உண்டு: தூரத்துப் பிள்ளைகளுக்காக நிதி சேர்ப்போருக்கு 24 பயனுள்ள குறிப்புகள்

லண்டனில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், உண்டியலுக்கு முன்னால் ஏழு வயதுப் பெடியன் ஒருவன் வந்து நின்றான். "அன்ரி, போன வருசம் நான் 50 பென்ஸ் போட்டனான். அதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டான்.

"வன்னிப் பிள்ளையளுக்குப் போட்டுது அப்பன்" என்றேன்.

"எந்தப் பிள்ளைக்கு? அவை என்ன வாங்கினவை?"

என்னிடம் பதில் இல்லை. காசு போய்ச் சேர்ந்தது தெரியும். அதற்கு மேல் நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. காசு கேட்டவர் கணக்கும் சொல்ல வேண்டும். கொடுத்தவர் ஏழு வயதுப் பிள்ளை என்றால் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும் ஒரு சின்ன அறக்கட்டளைக்காகத்தான் நாங்கள் நிதி சேர்க்கிறோம். அதில் சம்பளம் வாங்குபவர் ஒருவரும் இல்லை. எங்கள் பிள்ளைகள் படிக்கும் ஆங்கிலப் பள்ளிக்கூடங்களும் இப்போது கை கொடுக்கின்றன. இத்தனை வருடங்களில் பட்டுத் தெரிந்ததையும் கேட்டுத் தெரிந்ததையும் இங்கே தருகிறேன். சட்ட விவரங்கள் பிரித்தானியாவுக்கு உரியவை. மற்றவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன்

1. அமைப்பின் பெயரைக் கேட்டவுடன் உண்டியலைத் தூக்காதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் அமைப்புகளின் விவரம் சாரிட்டி கமிஷன் பதிவேட்டில் இலவசமாகக் கிடைக்கும். ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிப் பதிவேடுகள் உண்டு. அறங்காவலர்கள் யார், வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கணக்கு நேரத்துக்குக் கொடுத்தார்களா என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஆண்டு வருமானம் 5,000 பவுணைத் தாண்டாத அமைப்புகள் பொதுவாகப் பதியத் தேவையில்லை. ஆகவே பெயர் இல்லாவிட்டால் பிழையானவர்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். அமைப்பின் எழுத்து மூல விதிகளையும், இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

2. "என்ன வேண்டும்?" என்று அங்குள்ளவர்களிடமே கேளுங்கள். இலங்கை அரச பாடசாலைகளில் 1980 முதல் பாடநூல்கள் இலவசம். 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம். இது தெரியாமல் பாடநூலுக்கு நிதி சேர்க்கக் கிளம்புவோர் உண்டு. உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை, ரியூஷன் காசு, தூரத்துப் பாடசாலைக்குப் போக ஒரு சைக்கிள். ஐந்து நிமிடம் ஊரோடு தொலைபேசியில் பேசினால் இது விளங்கிவிடும்.

3. அவர்களின் நாட்காட்டியைப் பார்த்து உங்கள் நாளைக் குறியுங்கள். அங்கே புதிய கல்வி ஆண்டு பொதுவாக ஜனவரியில் தொடங்கும். கொப்பியும் சப்பாத்தும் அதற்கு முன்பே வாங்கியாக வேண்டும். இங்கே செப்டெம்பரில் தொடங்கும் தவணையிலேயே நிதி சேர்த்து, நவம்பர் முடிவதற்குள் அனுப்பி விடுங்கள். வன்னியில் நவம்பரும் டிசம்பரும் மாரிமழைக் காலம். வெள்ளம் வந்து அவசரத் தேவை எழுந்தாலும் கையில் காசு இருக்கும்.

4. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்காத உதவிக்கு முதலிடம் கொடுங்கள். உலகெங்கும் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பிவிடுகிறது. குடும்பங்களைத் தாங்கிப் பிடித்து, பிள்ளைகளை இல்லங்களில் விடும் வழக்கத்தைப் படிப்படியாகக் குறைக்குமாறு ஐ.நா. பொதுச் சபையும் 2019இல் கேட்டுக்கொண்டது. நீங்கள் உதவுவது ஓர் இல்லமாக இருந்தால், பிள்ளைகளைக் குடும்பத்தோடு திரும்பச் சேர்க்க அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

5. பழைய உடுப்புச் சேர்க்காதீர்கள். ஒருமுறை ஆர்வக் கோளாறில் நாங்கள் 14 பெட்டி உடுப்புச் சேர்த்தோம். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் குளிர்கால ஜக்கெட்டும் கம்பளிச் சட்டையும். வன்னி வெயிலுக்கு அவை எதற்கு? கப்பலுக்கும் களஞ்சியத்துக்கும் கட்டிய காசில் அங்கேயே எத்தனையோ பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை தைத்திருக்கலாம். ஊர்க் கடையில் வாங்கினால் ஊர்க் கடைக்காரருக்கும் தையற்காரிக்கும் பிழைப்பு. பொருளாகத்தான் வேண்டும் என்று அமைப்பே பட்டியல் தந்து கேட்டால் மட்டும் சேர்த்துக் கொடுங்கள்.

6. நோக்கத்தை எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எழுதுங்கள். "சைக்கிள் வாங்க" என்று மட்டும் அறிவித்தால் அந்தக் காசைச் சைக்கிளுக்குத்தான் செலவழிக்கலாம். "முதலில் சைக்கிள்கள், மிஞ்சினால் அல்லது போதாவிட்டால் அதே பிள்ளைகளின் மற்றப் படிப்புச் செலவுகள்" என்று எழுதுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு சேர்ந்து நடத்தினால், எத்தனை பங்கு பள்ளிக்கூடத்துக்கு, எத்தனை பங்கு அறக்கட்டளைக்கு என்பதை அறிவித்தலிலேயே போடுங்கள். காசு சேர்ந்த பிறகு பங்கு பேசினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

பள்ளிக்கூடத்தில்

7. தலைமை ஆசிரியரிடம் ஒரு தவணைக்கு முன்பே போங்கள். பள்ளிக்கூடங்களுக்கு எத்தனையோ அமைப்புகள் எழுதுகின்றன. ஒரே பக்கத்தில், யாருக்கு உதவி, என்ன செய்யப் போகிறோம், எந்தத் திகதி, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு வேலை என்று எழுதிக் கொடுங்கள். கடைசிக் கேள்விக்கு "மிகக் குறைவு" என்று உண்மையாகவே சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. மாணவர் மன்றப் பிள்ளைகளையே பேச வையுங்கள். பிள்ளை கேட்டால் பிள்ளைகள் கேட்பார்கள்.

8. காலைக் கூட்டத்தில் அழுகைக் கதை வேண்டாம். நடந்த கதை சொல்லுங்கள். நான் சொல்வது எக்லான்டைன் ஜெப் என்ற பெண்ணின் கதை. 1919இல், பசியால் வாடிய ஒஸ்ரியப் பிள்ளைகளின் படம் போட்ட துண்டுப் பிரசுரத்தை லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் கொடுத்ததற்காக அவரைக் கைது செய்தார்கள். ஒஸ்ரியா அப்போதுதான் தோற்றிருந்த எதிரி நாடு. நீதிமன்றம் 5 பவுண் தண்டம் விதித்தது. அவருக்கு எதிராக வாதாடிய சட்டத்தரணியே அந்த 5 பவுணை அவர் கையில் கொடுத்ததாகச் சொல்வார்கள். அந்த ஆண்டே அவரும் சகோதரி டொரத்தி பக்ஸ்டனும் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பைத் தொடங்கினார்கள். இதைக் கேட்ட பிள்ளைகள் இரக்கத்தோடு அல்ல, துணிவோடு வகுப்புக்குத் திரும்புவார்கள்.

9. படம் காட்டும்போது உங்கள் பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். மூக்குச் சளியும் கிழிந்த சட்டையுமாக உங்கள் மகளின் படத்தை ஊர் மண்டபத்தில் தொங்கவிடச் சம்மதிப்பீர்களா? பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் படத்தையும் போடாதீர்கள். முழுப் பெயர், ஊர், பாடசாலை மூன்றையும் ஒன்றாக எழுதாதீர்கள். சைக்கிளின் படமும் கொப்பிக் கட்டின் படமும் போதிய அளவு பேசும்.

10. சீருடை இல்லாத நாள் வைப்பதுதான் எல்லாவற்றிலும் எளிது. ஒரு பிள்ளைக்கு 1 பவுண், செலவு எதுவும் இல்லை. வாசலில் மூடிய வாளி வையுங்கள்; யார் எவ்வளவு போட்டார் என்று தெரியவே கூடாது. பெயர்ப் பட்டியல் பிடிக்க வேண்டாம். ஒரு பவுண் கொடுப்பது கடினமான வீடுகள் இந்த நாட்டிலும் இருக்கின்றன. தூரத்துப் பிள்ளைக்கு உதவப் போய்ப் பக்கத்துப் பிள்ளையைத் தலைகுனிய வைக்கக் கூடாது.

11. நடைகூடத்தில் நாணய வரிசை போடும்போது 20 பென்ஸ் கேளுங்கள். 1 பென்ஸின் விட்டம் 20.3 மில்லிமீற்றர்; 20 பென்ஸின் விட்டம் 21.4. அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பத்து மீற்றர் வரிசைக்கு 1 பென்ஸ் நாணயங்கள் ஏறத்தாழ 492 வேண்டும். சேர்வது 5 பவுண்கூட இல்லை. அதே பத்து மீற்றரில் 20 பென்ஸ் நாணயங்கள் ஏறத்தாழ 467 பிடிக்கும். சேர்வது 93 பவுண். இந்தக் கணக்கை ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையே அளந்து செய்ய விடுங்கள். கணித பாடமும் ஆயிற்று.

12. வெறும் ஸ்மார்ட்டீஸ் குழாயைக் கொடுத்து "வீட்டில் ஓர் உதவி, குழாயில் ஒரு நாணயம்" என்று சொல்லுங்கள். கோப்பை கழுவினால், தம்பிக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டால் ஒரு நாணயம். நான்கு கிழமைக்கு மேல் இழுக்காதீர்கள், ஆர்வம் குறைந்துவிடும். திரும்பக் கொடுக்கும் திகதியைக் குழாயிலேயே எழுதி ஒட்டுங்கள்.

13. பிரித்தானியாவில் உலகப் புத்தக நாள் மார்ச் முதல் வியாழக்கிழமை வரும். படித்து முடித்த புத்தகம் ஒன்றும் 50 பென்ஸும் கொண்டு வந்து, வேறொரு புத்தகம் எடுத்துப் போகும் சந்தையை அன்று வையுங்கள். செலவு ஒரு மேசையும் மேசை விரிப்பும்தான்.

சாப்பாட்டு மேசையில்

14. எங்கள் பலகாரங்களில் ஒளிந்திருக்கும் ஒவ்வாமைப் பொருட்களை எழுதி ஒட்டுங்கள். இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டியவை என்று 14 பொருட்கள் இருக்கின்றன. கச்சான், கஜு என்றால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். ஆனால் கடுகும் எள்ளும் அந்தப் பட்டியலில் உண்டு. தாளித்த எதிலும் கடுகு இருக்கும். எள்ளுருண்டை சொல்லவே வேண்டாம். கடைப் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கும். உழுந்து வடைதானே, கோதுமை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். சீனிச்சம்பலில் மாசி போட்டால் அது மீன். ரோல்ஸில் முட்டையும் கோதுமையும் இரண்டும் உண்டு. சமைத்த வீட்டாரிடமே ஒரு துண்டில் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். "இருக்காது என்று நினைக்கிறேன்" என்பவரின் தட்டை மேசையில் வைக்காதீர்கள். பல பள்ளிக்கூடங்களுக்குள் கச்சான், கஜு போன்றவற்றைக் கொண்டு போகவே கூடாது; முன்கூட்டிக் கேளுங்கள்.

15. சூடான ரோல்ஸ், பற்றீஸ் 63 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் விற்று முடியுங்கள். மிஞ்சியதைத் திரும்பச் சூடாக்கி மேசைக்குக் கொண்டு வராதீர்கள். ஒரே நேரத்தில் எல்லாத் தட்டையும் திறக்காமல் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தட்டு என்று எடுத்தால் சூடும் நிற்கும், விற்பனையும் நிற்காது. கிறீம் கேக்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கேட்பவருக்கு வெட்டிக் கொடுங்கள். சோறு, புக்கை போன்றவை பள்ளிக்கூட மேசைக்கு வேண்டாம்.

16. விலையை 50 பென்ஸ், 1 பவுண், 2 பவுண் என்று முழுமையாக வையுங்கள். மிச்சக் காசு எண்ணும் நேரத்தில் வரிசை கலைந்துவிடும். சைவம், அசைவம், ஹலால் தட்டுகளைத் தனித் தனி மேசையில், தனித் தனி இடுக்கியோடு வையுங்கள். அட்டையில் தட்டிக் கட்டும் கருவி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இப்போது இளம் பெற்றோர் பலர் கையில் காசே கொண்டு வருவதில்லை.

ஊரோடு சேர்ந்து

17. அதிர்ஷ்டச் சீட்டு விற்பதற்குச் சட்டம் இருக்கிறது. விழா நடக்கும் இடத்திலேயே சீட்டு விற்றால் பதிவு தேவையில்லை. ஆனால் சேர்ந்த காசிலிருந்து செலவுக்கு 100 பவுணுக்கு மேலும், பரிசு வாங்க 500 பவுணுக்கு மேலும் எடுக்கக் கூடாது. கிழமைக் கணக்கில் முன்கூட்டி விற்பதானால் உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும்: முதல் ஆண்டு 40 பவுண், பிறகு ஆண்டுக்கு 20. அப்படிப் பதிந்த சீட்டை 16 வயதுக்குக் குறைந்தவர் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. பரிசுகளை ஊர்க் கடைகளிடம் அன்பளிப்பாகக் கேளுங்கள். ஒரு மூட்டை அரிசி தரக் கடைக்காரர்கள் தயங்குவதில்லை.

18. தெருவில் உண்டியல் குலுக்க உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். லண்டனின் பெரும் பகுதியில் மெட்ரோபொலிட்டன் பொலிஸிடம் கேட்க வேண்டும். கடை வாசல், கோயில் மண்டபம் என்றால் அந்த இடத்துக்குப் பொறுப்பானவரின் சம்மதம் வேண்டும். எங்கே நின்றாலும் உண்டியலை முத்திரையிட்டு மூடி, அமைப்பின் பெயரும் பதிவு எண்ணும் தெரிய ஒட்டுங்கள். பிள்ளைகளைத் தனியே உண்டியலோடு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

19. நடைபவனிப் படிவத்தில் 'கிஃப்ட் எய்ட்' கட்டத்தை மறக்காதீர்கள். வரி கட்டுபவர் தன் சொந்தக் காசில் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். அதற்குக் கொடுப்பவரின் முழுப் பெயர், வீட்டு இலக்கம், தபால் குறியீடு, அவரே போட்ட சரி அடையாளம் எல்லாம் வேண்டும். "மாமா, 20 பவுண்" என்று மட்டும் எழுதினால் 5 பவுண் போய்விட்டது. ரோல்ஸ் வாங்கிய காசுக்கும் சீட்டு வாங்கிய காசுக்கும் இது பொருந்தாது. அவை நன்கொடை அல்ல.

20. பெயர் தெரியாத சில்லறைக்கும் வழி உண்டு. உண்டியலிலும் அட்டைக் கருவியிலும் ஒருவர் ஒரு தடவையில் கொடுத்தது 30 பவுணோ அதற்குக் குறைவோ என்றால், படிவம் இல்லாமலே அதே 25 வீதத்தை அறக்கட்டளை கேட்கலாம். ஆண்டுக்கு 8,000 பவுண் வரையான சிறு நன்கொடைகளுக்கு இது கிடைக்கும். அதற்கு அறக்கட்டளை அதே ஆண்டில் வழக்கமான கிஃப்ட் எய்ட்டும் கேட்டிருக்க வேண்டும். ஆகவே உண்டியல் காசையும் வியாபாரக் காசையும் கலக்காமல் தனித் தனியே எழுதிக் கொடுங்கள். பெற்றோர் வேலை செய்யும் நிறுவனம் ஊழியர் சேர்த்ததற்கு ஈடாகத் தானும் தருமா என்றும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காசும் கணக்கும்

21. காசு எண்ணும்போது ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் இருக்க வேண்டும். இருவரும் தொகையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். யார் மீதும் சந்தேகத்தால் அல்ல. நாளை யாரும் யாரையும் சந்தேகிக்காமல் இருக்கத்தான்.

22. நாணயப் பைகளைச் சமையலறைத் தராசில் சரி பாருங்கள். 1 பவுண் நாணயங்கள் 20 என்றால் 175 கிராம். 50 பென்ஸில் 10 பவுண் 160 கிராம். 20 பென்ஸில் 10 பவுண் 250 கிராம். 5 பென்ஸிலோ 10 பென்ஸிலோ 5 பவுண் 325 கிராம். செப்பு நிற 1 பென்ஸிலோ 2 பென்ஸிலோ 1 பவுண் 356 கிராம். நிறை வித்தியாசப்பட்டால் நாணயம் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கிறது, அல்லது வெளிநாட்டு நாணயம் ஒன்று கலந்திருக்கிறது. இதை ஒரு மட்டையில் எழுதித் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் நடுச்சாமம் வரை எண்ணத் தேவையில்லை.

23. உண்டியலில் சேர்த்ததை உண்டியலில் அனுப்பாதீர்கள். வங்கி இல்லாமல் காசு அனுப்பும் எந்த உண்டியல் முகவரின் கையிலும் கொடுக்க வேண்டாம். ஊருக்குப் போகிறவரின் பையிலும் போட வேண்டாம். அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் அடுத்த வேலை நாளே கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அங்கிருந்து ஊருக்குப் போகும் காசும் வங்கி வழியே போக வேண்டும். வாங்கிய பொருளுக்குக் கடைப் பற்றுச்சீட்டு வர வேண்டும். நல்ல அமைப்பு இதைக் கேட்டால் கோபிக்காது.

24. கடைசிக் குறிப்பு, ஆனால் எனக்கு இதுதான் முதற் குறிப்பு: கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு தடவை ஒட்ட வேண்டும். விழா முடிந்து ஒரு கிழமைக்குள் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவு என்று ஒரு தாள். ஊரிலிருந்து பற்றுச்சீட்டு வந்ததும் என்ன வாங்கினார்கள், என்ன விலை என்று இன்னொரு தாள். பிள்ளையின் கண் மட்டத்தில், பெரிய எழுத்தில், கொச்சையில்லாத எளிய தமிழில்.

அந்தப் பெடியன் கேட்ட அடுத்த வருடம் நாங்கள் முதன்முறையாக அப்படி ஒட்டினோம். சைக்கிள், சப்பாத்து, கொப்பி, புத்தகப்பை என்று வரிசையாக விலை. அவன் வந்து நின்றான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, உதடு அசைய, கூட்டிக்கொண்டே போனான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அன்ரி, மூண்டு பவுண் பிழைக்குது" என்றான்.

கூட்டிப் பார்த்தேன். பிழைதான், சப்பாத்துக் கணக்கில் ஒரு சோடியின் விலையைத் தவறாக எழுதியிருந்தோம். அவன் முன்னாலேயே வெட்டித் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். இப்போது அவன் பெரிய வகுப்பு. விழா முடிந்ததும் தராசுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவது அவன்தான். அவன் கூட்டிச் சரி சொல்லாமல் எங்கள் தாள் சுவருக்குப் போவதில்லை.